கடல் பக்கம் மூன்றே முக்கால் சுற்று

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் என்பது ஒரு பதவியின் பெயர். நில அளவைக்காரர்கள் சங்கிலியும் கோணமானியும் தூக்கிக்கொண்டு ரப்பர் காட்டிலும் சதுப்பிலும் அலைந்து எண்களை எழுதி வருவார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அந்த எண்களைக் கணக்குப் போட்டு, நிலத்தின் எல்லைக்கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறதா என்று பார்ப்பவர்தான் கம்ப்யூட்டர். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்தவர் போக, கீழே இருந்தவர் ஏற, கடைசியில் காலியான மேசைக்கு ஒரு பெண்ணை எடுக்கலாமா என்று யோசித்து, பரீட்சை வைத்து, என்னை எடுத்தார்கள். எனக்கு வயது இருபத்தொன்று. கையால் சுற்றும் கணக்கு இயந்திரம் ஒன்று, மடக்கை அட்டவணைப் புத்தகம் ஒன்று, சிவப்பும் நீலமுமாக இரண்டு பென்சில்கள். காலையில் மலாக்காவின் காஜா பெராங்கிலிருந்து சைக்கிளில் கிளம்பும்போது அம்மா எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வார்: "எம்மவ கம்ப்யூட்டரா இருக்கா." அது என்ன வேலை என்று எதிர்வீட்டுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் பெருமைதான்.

என் பள்ளித்தோழி ஒருத்தி அப்போது பெண்கள் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருந்தாள். எதையும் பாதியில் விடத் தெரியாதவள். ஆற்றோரத்துப் பழைய இரும்புக் கடையில் உடைத்த கப்பல் ஒன்றின் சன்னல் கண்ணாடியைப் பார்த்திருக்கிறாள். எட்டு அங்குல அகலம், ஒரு அங்குலத்துக்கும் மேல் தடிமன். அதை வாங்கி சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"இதுல தொலைநோக்கி செய்யப்போறேன்."

"சன்னல்லயா?"

"குழியா தேய்ச்சா கண்ணாடி. வெள்ளி பூசினா தொலைநோக்கி. புஸ்தகத்துல போட்டிருக்கு."

தேய்ப்பதற்குக் கரகரப்பான மாவு வேண்டும். அதற்காக அவளை எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அந்த வீட்டுக்காரர் பஸ் பட்டறையில் மெக்கானிக். மலாக்கா செட்டி குடும்பம். பல தலைமுறைகளுக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். எங்கள் மாரியம்மனைத்தான் அவர்களும் கும்பிடுவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். மெக்கானிக்குக்கு முப்பது வயதிருக்கும். நான் அவரை அபாங் என்பேன், அண்ணன் என்பதற்கு அதுதான் சொல். அவர் என்னை அடிக் என்பார், தங்கை. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் மலாயில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். பட்டறையில் வால்வு தேய்க்கும் பசை இருக்கிறது என்றார். பிறகு, இதை எதில் பொருத்துவீர்கள் என்று கேட்டார். தோழி புத்தகத்தைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். கனமான இரும்புத் தண்டு ஒன்று சாய்வாக வானத்தைப் பார்த்து நிற்கும், கண்ணாடி பொருத்திய குழாய் அதைச் சுற்றித் திரும்பும். பூமி சுற்றுவதற்கு எதிர்த்திசையில் அந்தத் தண்டைச் சுற்றினால் நட்சத்திரம் கண்ணாடிக்குள்ளேயே நிற்கும்.

"இவ்வளவு சாய்வு எதுக்கு?" என்றார்.

அந்தப் புத்தகம் குளிர்நாட்டில் எழுதியது. தண்டின் சாய்வு அந்தந்த ஊர் பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது எனக்குத் தெரிந்த விஷயம். "நம்ம ஊருக்கு ரெண்டு பாகை போதும் அபாங். கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும்."

அவர் படத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அப்போ இது தொலைநோக்கி இல்ல அடிக். முழு ஆட்டை நெருப்பு மேல சுத்துற கம்பி!"

அப்படித்தான் செய்தார். கழித்துப்போட்ட லாரி அச்சு ஒன்றை வடக்குத் தெற்காகப் படுக்கவைத்து இரண்டு தாங்கிகளில் உட்காரவைத்தார். ஒரு முனையில் பெரிய பற்சக்கரம், அதைத் திருப்ப ஒரு கைப்பிடி. பற்களை எண்ணினார், நூற்றெண்பது. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் ஒரு பல் நகரும், தொலைநோக்கி இரண்டு பாகை திரும்பும். தோழி தினமும் பள்ளி விட்டதும் அவர் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுவாள். எண்ணெய் பீப்பாய் ஒன்றின் மேல் கண்ணாடியை வைத்துப் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி நடந்து தேய்ப்பாள். நான்கு மாதம் நடந்தாள். கம்போங் என்ற எங்கள் குடியிருப்பின் பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் ஊர்வலம் போல நடப்பார்கள். அவர் பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு, பீப்பாய் ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆசிரியை என்பதால் அவளை 'சிக்கு' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

தொலைநோக்கி தயாரானதும் பிரச்சினை வேறு திசையிலிருந்து வந்தது. தோழி தன் வகுப்புப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு வானத்தைக் காட்டத்தான் இத்தனையும் செய்தாள். பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினாள். இரவு எட்டு மணிக்குக் காஜா பெராங்கில் ஒரு வீட்டு முற்றத்துக்குப் பிள்ளைகளை அனுப்பவும் என்று. பன்னிரண்டு வீட்டிலும் முடியாது என்றார்கள். தமிழ் வீடு, சீன வீடு, மலாய் வீடு, எல்லாவற்றிலும் ஒரே பதில். ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு அப்பா பள்ளிக்கே நேரில் வந்துவிட்டார்.

"ராத்திரியில பொம்பளப் புள்ளைங்கள வானத்தப் பாக்க அனுப்புறதா? பகல்ல காட்டுங்க டீச்சர், அனுப்புறேன்."

கேலியாகத்தான் சொன்னார். தோழி அதை என்னிடம் சொல்லும்போது கண்ணில் நீர் நின்றது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பகல்லயே காட்டலாம்," என்றேன்.

"விளையாடாத."

"வெள்ளிக் கிரகம் பகல்லயும் மேலதான் இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எங்க இருக்குன்னு கணக்குப் போட்டுக் குழாயை அங்க திருப்பினா தெரியும்."

விடிவெள்ளி கிழக்கில் நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. இரவில் தொலைநோக்கியைத் திருப்பக் கணக்கே வேண்டாம், கண்ணால் பார்த்துத் திருப்பிவிடலாம். பகலில் வெறும் நீலம்தான். எண்ணை மட்டும் நம்பித் திருப்ப வேண்டும். அந்த வேலையைத்தான் பின்னாளில் முப்பது வருடம் செய்தேன். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. தோழியின் முகம் மறுபடி வெளிச்சமானதில்தான் எனக்குச் சந்தோஷம்.

அலுவலகத்தில் ஒரு பஞ்சாங்கம் இருந்தது. கப்பல்காரர்களுக்காக அச்சிடுவது, சூரியனும் கிரகங்களும் மணிக்கு மணி எங்கே இருக்கும் என்று போட்டிருக்கும். தலைமை அதிகாரியிடம் சாப்பாட்டு வேளையில் அதைப் பார்த்து எழுதிக்கொள்ள அனுமதி கேட்டேன். எந்த நிலத்துக்கு என்றார். வெள்ளிக்கு என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அங்கே எல்லைத் தகராறு வந்தால் என்னிடம் அனுப்பாதீர்கள்," என்று சொல்லி அனுமதித்தார்.

முதலில் நான் எழுதியது ஒரு தாள். சைன், கோசைன், மடக்கை எல்லாம் போட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே சூத்திரம். எனக்கு அது மிக அழகாக இருந்தது. தோழி படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது ஒனக்குப் புரியும். எனக்குப் பாதிதான் புரியுது. என் பிள்ளைங்களுக்கு?"

"நானே கணக்குப் போட்டுச் சொல்றேன்."

"அப்ப அவங்க என்ன செய்வாங்க? வரிசையில நின்னு வேடிக்கை பாப்பாங்களா? இதுக்கா நாலு மாசம் பீப்பாய சுத்தினேன்?"

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் சொன்னது சரி என்று பட்டது. பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்துக் கிடந்த தண்டின் புண்ணியத்தில் அந்தப் பெரிய சூத்திரமே தேவையில்லை. கூட்டல், கழித்தல், ஒரு வகுத்தல் போதும். ஒரு தாளை ஐந்து அட்டையாகப் பிரித்தேன்.

முதல் அட்டை கடிகாரத்துக்கு. வானொலி மணிச் சத்தத்தோடு சரிசெய்த கடிகாரத்தைப் பார்த்து, அதிலிருந்து ஏழரை மணி நேரத்தைக் கழித்து, கிரீன்விச் நேரத்தை ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். இரண்டாவது அட்டைக்காரி அந்தக் கட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பஞ்சாங்கப் பிரதியில் அந்த நேரத்துக்கு உரிய எண்ணை எடுப்பாள். மூன்றாவது அட்டைக்காரி அதோடு மலாக்காவின் தீர்க்கரேகையான நூற்றிரண்டே கால் பாகையைக் கூட்டுவாள், முந்நூற்றறுபதைத் தாண்டினால் அதைக் கழிப்பாள். நான்காவது அட்டை விடையை இரண்டால் வகுத்து, குழாய் உச்சியைப் பார்த்து நிற்கும் நிலையிலிருந்து கைப்பிடிக்கு எத்தனை சுற்று என்று சொல்லும். ஐந்தாவது அட்டை குழாயை வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு சாய்ப்பது என்பதற்கு. ஒருத்திக்கு மற்றவளின் வேலை தெரிய வேண்டியதில்லை. வாங்கும் எண்ணும் கொடுக்கும் எண்ணும் சரியாக இருந்தால் போதும். ஒவ்வொரு அட்டைக்கும் இரண்டு பேரை வைத்தேன். இரண்டு பேரும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். விடை ஒத்துப்போகாவிட்டால் அடுத்தவளுக்குத் தாள் போகாது.

மெக்கானிக் அட்டைகளை வாங்கி மெதுவாகப் படித்தார். நான்காவதில் நின்றார்.

"நாலு சுத்துன்னு போட்டிருக்கீங்க. எந்தப் பக்கத்திலிருந்து வந்து நாலு?"

"ஏன் அபாங்?"

"பழைய லாரியில ஸ்டியரிங் எப்படி லூசா இருக்கும்? இந்தப் பக்கம் திருப்பிட்டு அந்தப் பக்கம் திருப்பினா முதல் கொஞ்சம் சும்மா போகும். இதுவும் அப்படித்தான். எப்பவும் ஒரே பக்கத்திலிருந்து வரணும்."

நான் நில அளவைக் கோணமானியில் கற்றிருந்ததை, அவர் பஸ்ஸில் கற்றிருந்தார். "இரண்டு சுற்று தாண்டிப் போய்த் திரும்பி வா" என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் இன்னொன்றும் செய்தார். காலை வேளையில் சூரியன் வெள்ளிக்குக் கிழக்கே இருக்கும். யாராவது தவறாகக் கைப்பிடியைச் சுற்றிக் குழாய் சூரியனைப் பார்த்துவிட்டால் கண்ணே போய்விடும். அட்டையில் சிவப்புப் பென்சிலால் எச்சரிக்கை எழுதியிருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, குழாய் அந்தப் பக்கம் போகவே முடியாதபடி அச்சில் ஒரு இரும்பு முளையைப் பற்றவைத்துவிட்டார். "எழுதினத எல்லாரும் படிக்க மாட்டாங்க அடிக்," என்றார்.

முதல் ஒத்திகை ஒரு ஞாயிறு காலை. பிள்ளைகள் இல்லை, நாங்கள் மூன்று பேர் மட்டும். வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. அட்டைகளை நானே ஓட்டினேன். அவர் கைப்பிடியைச் சுற்றினார். தோழி கண்ணை வைத்தாள்.

"ஒண்ணும் இல்ல."

மறுபடி கணக்கு, மறுபடி சுற்று. நீலம். ஒரு மணி நேரம் நீலத்தையே பார்த்தோம். தோழி எழுந்து தள்ளிப்போய் நின்றாள். "கண்ணாடி சரியில்ல. நான் தேய்ச்சது சரியில்ல," என்றாள். அவர் பற்களை மறுபடி எண்ணினார். நான் தீர்க்கரேகையைச் சந்தேகப்பட்டேன். மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைக் குறை சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் தன் வேலையையே சந்தேகப்பட்டது நினைத்துப் பார்த்தால் இன்றும் நன்றாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்புக்கு முன்னால் என்னைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். எங்கள் நடுவில் மேசை.

"அந்த வலது பக்கத்து டப்பாவ எடு," என்றார்.

எடுத்தேன்.

"அது இல்லடி. வலது!"

"வலதுதானேம்மா எடுத்தேன்."

"ஒன் வலது எனக்கு எதுக்கு? என் வலது!"

டப்பாவைக் கீழே வைக்காமல் ஓடினேன். மிளகாய்த்தூள் டப்பாவோடு தெருக்கோடிக்கு ஓடிய கம்ப்யூட்டரை ஊரே பார்த்தது. நான்காவது அட்டையில் 'வலது பக்கம்' என்று நான் எழுதியபோது மனதில் தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன். கைப்பிடி இருப்பதோ தண்டின் தெற்கு முனையில். அதைச் சுற்றுகிறவர் வடக்கே பார்த்துத்தான் நிற்க வேண்டும். நான்கு சுற்று மேற்கே போக வேண்டிய குழாய் நான்கு சுற்று கிழக்கே போயிருந்தது. கண்ணாடியில் குற்றமில்லை, பற்களில் குற்றமில்லை, கணக்கிலும் குற்றமில்லை. ஒரு சொல்தான் குற்றம்.

மெக்கானிக் முற்றத்தில் பற்சக்கரத்துக்கு முன்னால் இன்னும் உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். "வலது இடது வேண்டவே வேண்டாம் அடிக். கடல் இந்தப் பக்கம். புக்கிட் சீனா குன்று அந்தப் பக்கம். நீங்க எங்க பாத்து நின்னாலும் கடல் நகராது."

லாவுட், புக்கிட். கடல், குன்று. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு சொற்கள். அட்டையைத் திருத்தினேன். அடுத்த ஞாயிறு அவர் கைப்பிடியைக் கடல் பக்கம் சுற்றினார். தோழி கண்ணை வைத்தாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாதி நிலா," என்றாள். "குட்டியா, வெள்ளையா. நீலத்துக்கு நடுவுல."

நான் பார்த்தேன். இரண்டு வாரமாகத் தாளில் பாகையாகவும், பாகையில் அறுபதில் ஒரு பங்கான கலையாகவும் எழுதிக்கொண்டிருந்த ஒன்று, அங்கே சும்மா இருந்தது. யாரோ நகத்தை வெட்டிப் போட்டது போல அவ்வளவு சின்னது. நான் கணக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் அங்கேயே இருந்திருக்கும். இருந்தும், அழைத்ததும் வந்துவிட்டது போல ஒரு மகிழ்ச்சி.

பிள்ளைகள் வந்த ஞாயிறு மூன்றாவது. மெக்கானிக் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பட்டறை முழுக்கச் சொல்லி, பட்டறையிலிருந்து பஸ் வழியாக அது பண்டார் ஹிலிர் வரை போய்விட்டது. பகலில் நட்சத்திரம் காட்டுகிறார்களாம் என்று ஐம்பது அறுபது பேர் வந்துவிட்டார்கள். அவருடைய அக்கா இரண்டு பெரிய தட்டு நிறைய குவே செய்து வைத்திருந்தார், தேங்காய்ப்பூவும் பனைவெல்லமும் போட்ட இனிப்பு. கோப்பி ஒரு அண்டா. துணிக்கடை அப்பாவும் வந்திருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேலியோரமாக நின்றார். அவர் மகள் மூன்றாவது அட்டை.

பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் மேசைக்கு ஒரு ஜோடியாக உட்கார்ந்தார்கள். கைப்பிடிக்கும் இரண்டு பேர். முதல் கணக்கு முடிந்து தாள் கைப்பிடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. அப்போது பார்த்துக் கடல் பக்கத்திலிருந்து ஒரு மேகம் வந்து தலைக்கு மேலே கடை விரித்து உட்கார்ந்துகொண்டது.

கூட்டம் மேலே பார்த்தது, பிறகு எங்களைப் பார்த்தது. மேகம் வந்தால் என்ன செய்வது என்று என் எந்த அட்டையிலும் இல்லை. கணக்குப் போட்ட நேரம் போய்விட்டது. வெள்ளி நகர்ந்துவிடும். மேகம் எப்போது விலகுமோ, விலகிய பிறகு கணக்குப் போடத் தொடங்கினால் அதற்குள் மறுபடி மூடிவிடுமோ. நான் தோழியிடம் போய்க் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும்போது துணிக்கடைக்காரர் மகள் எழுந்தாள். ஒரு வெற்று அட்டையை எடுத்து எழுதினாள். பிறகு உரக்கப் படித்தாள்.

"மேகம் இருந்தா நிறுத்தாதீங்க. அடுத்த பத்து நிமிஷத்துக்குக் கணக்குப் போடுங்க. குழாயை அங்க கொண்டுபோய் வச்சிட்டுக் காத்திருங்க. நேரம் தாண்டிட்டா அடுத்த பத்து நிமிஷம்."

அவள் என்னைப் பார்த்தாள். "சரியா மிஸ்?"

"சரி," என்றேன். "நான் எழுதியிருக்கணும்."

அப்படியே செய்தார்கள். ஒன்பது ஐம்பதுக்கு ஒன்று. பத்துக்கு ஒன்று. எண்கள் மேசையிலிருந்து மேசைக்குப் போயின. ஒரு தடவை மூன்றாம் மேசையில் இரண்டு விடையும் ஒத்துப்போகாமல் தாள் நின்றுவிட்டது. இருவரும் தலையை முட்டிக்கொண்டு தேடி, ஒருத்தி கூட்டலில் தவறியதைக் கண்டுபிடித்தார்கள். கூட்டம் இப்போது வானத்தை விட்டுவிட்டு மேசைகளை வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தது. தாள் நகர்ந்தால் கைதட்டியது. பத்து மணி பத்து நிமிடத்துக்கான தாளைக் கைப்பிடிக்காரி உரக்கப் படித்தாள்:

"லாவுட், மூணே முக்கா சுத்து!"

"லாவுட்!" என்றது கூட்டம்.

மேகத்தில் ஒரு சன்னல் திறந்தது. கண்வைத்திருந்த பெண் முதலில் கத்தினாள். பிறகு எல்லோரும் கத்தினார்கள், பார்த்தவர்களும் பார்க்காதவர்களும். பன்னிரண்டு பேரும் வரிசையில் வந்து பார்த்தார்கள். கைப்பிடிக்காரி நிமிடத்துக்கு எட்டில் ஒரு சுற்று வீதம் மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தாள். பிறகு ஊர் பார்த்தது.

என் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து குனிந்தார். நிமிர்ந்து என்னை முறைத்தார்.

"நெலாவ காட்டி ஏமாத்துறியா?"

"நிலா இல்லம்மா, விடிவெள்ளி."

"விடிவெள்ளி நட்சத்திரம்டி. அது எப்படி பாதியா இருக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டாம் அட்டைக்காரியான சீனப் பெண் ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்து வெயிலுக்குக் கூட்டிப்போனாள். ஒரு உருண்டைக் குவேயைத் தூக்கிப் பிடித்து, வெயில் ஒரு பக்கம் மட்டும் படுவதை மலாயில் விளக்கினாள். அம்மா குவேயைச் சுற்றி வந்து பார்த்தார். நம்பினார். பிறகு அந்தக் குவேயை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் தானே விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

துணிக்கடை அப்பா கடைசியாக வந்தார். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. எடுத்ததும் மகளிடம் கேட்டார்.

"இது எங்க இருக்குன்னு நீயா கணக்குப் போட்ட?"

"பத்துப் பேரு சேர்ந்து, அப்பா."

"மேகம் வந்தப்ப எழுதினது?"

"அது நான்."

அவர் தலையசைத்தார். போகவில்லை. வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றார். இந்த முறை கையில் குவே இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் அந்த முற்றத்தில் கூட்டம்தான். அட்டைகள் ஐந்திலிருந்து பதினொன்றாயின. வியாழனுக்கு, சனிக்கு, நிலாவுக்கு. அவற்றில் பாதி, பிள்ளைகள் எழுதியவை. பெற்றோர் மெல்ல மாலை நேரத்துக்கும் சம்மதித்தார்கள், தாங்களும் கூட வருவோம் என்ற நிபந்தனையோடு. இதற்கு நடுவில் மெக்கானிக் என் தோழியை 'சிக்கு' என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. பாகையில் அறுபதில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடிக்கிற எனக்கு, எதிரே நடந்தது தெரியவில்லை. ஒரு நாள் மாலை அவள் என் சைக்கிளோடு நடந்து வந்தபடியே, "எங்க வீட்டுல சொல்லிட்டேன்," என்றாள்.

"என்னத்த?"

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "நீ நெசமாவே கம்ப்யூட்டர்தான்," என்றாள்.

இரு வீட்டிலும் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. தமிழ் பேசாத மாப்பிள்ளையா என்று இங்கே, செட்டி முறைச் சடங்கெல்லாம் தெரியாத பெண்ணா என்று அங்கே. அம்மன் இரு வீட்டுக்கும் ஒரே அம்மனாக இருந்தது உதவியது. கல்யாணத்தில் பன்னிரண்டு பெண்களும் மலாய், தமிழ், சீனப் பாட்டு என்று கலந்து பாடி மாப்பிள்ளையை வெட்கத்தில் தலைகுனிய வைத்தார்கள்.

சில வருடங்களில் எனக்குக் கணிதம் படிக்க வெளிநாட்டுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. என்னைப் பரிந்துரைத்த கடிதத்தில் தலைமை அதிகாரி வெள்ளிக் கிரகத்தையும் குறிப்பிட்டிருந்ததாகப் பின்னால் தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் என்ற சொல் ஆளை விட்டு இயந்திரத்துக்குப் போயிருந்தது. அறை நிறைய நிற்கும் பெட்டிகள். அதற்குக் கட்டளை எழுதக் கற்றுக்கொண்டேன். பிறகு பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள நாடு ஒன்றில், மலை உச்சியில் பெரிய தொலைநோக்கி கட்டிக்கொண்டிருந்தவர்கள் அதைத் திருப்பும் மென்பொருளை வடிவமைக்க ஆள் தேடினார்கள். போனேன்.

முதல் கூட்டத்தில் ஒரு பொறியாளர் கரும்பலகை முழுவதும் ஒரே நிரலாகப் படம் வரைந்திருந்தார். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. அழகாகத்தான் இருந்தது. நான் எழுந்து அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம் என்றேன். நேரத்தைச் சொல்ல ஒரு பகுதி, இடத்தைச் சொல்ல ஒரு பகுதி, மோட்டாருக்குச் சொல்ல ஒரு பகுதி. ஒன்றுக்கு மற்றொன்றின் உள்வேலை தெரிய வேண்டாம். அவர் மூன்று மணி நேரம் வாதாடினார். மறுநாள் காலை வந்து, பலகையைத் தானே அழித்தார். பல வருடம் நாங்கள் நல்ல நண்பர்களாக இருந்தோம். இரும்பு முளையை மட்டும் நான் வாதாடாமலே வைத்துவிட்டார்கள். அந்த விஷயத்தில் அவர்களுக்கும் நிரலின் மேல் நம்பிக்கை குறைவுதான்.

அந்தத் தொலைநோக்கி முதன்முதலில் எங்கள் நிரலின் சொல்லைக் கேட்டுத் திரும்பிய அந்தி நேரம். வீடு அளவு இரும்பு, சத்தமே இல்லாமல், நாற்காலியில் யாரோ சாய்வது போலத் திரும்பி நின்றது. எல்லோரும் திரையைப் பார்த்தோம். நட்சத்திரம் நடுவில் இல்லை. ஒரு ஓரமாக, விளிம்பைத் தொட்டுக்கொண்டு இருந்தது.

ஆறு தலைகள் என் பக்கம் திரும்பின.

எனக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. "வந்துட்டாளே," என்றேன் தமிழில், யாருக்கும் புரியாமல். பிறகு அவர்கள் மொழியில் ஒரு பென்சிலும் நிறையத் தாளும் கேட்டேன். அந்தக் கொஞ்ச தூரம் ஏன் தள்ளி நின்றது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல ஏழு மாதம் அதிகம் இல்லை.